ஏழு ஐம்பத்திரண்டு

ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது எழிலரசி.
தடாவில் இறங்கினால் எழிலம்மா.
கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையில்
குச்சி குச்சியான ஜப்பானிய எழுத்தில்
எரிரராஷி.
அவர்களிடம் ழ இல்லை, ல இல்லை.
இருக்கிற ஒரே ர-வை
மூன்று இடத்திலும் அடைத்துக் கொடுத்தார்கள்.
நான் வழக்குப் போடவில்லை.
ஷிகெமத்ஸு என்கிற மனிதரை
லைன் முழுக்க மச்சு சார் என்கிறது.
அவரும் போடவில்லை.

காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு
ஒலிபெருக்கியில் பியானோ வரும்.
அறுநூற்று நாற்பது நீலச் சட்டைகள்
கையைத் தூக்கும், இறக்கும், குனியும், திரும்பும்.
இச்சி, நி, சான்.
கேட்டில் நிற்கிற பெஞ்சலய்யா
சரியாக சானில் கொட்டாவி விடுவான்.
ஒசாகாவில் தன் பேரப்பிள்ளைகள்கூட
இப்போது இதைச் செய்வதில்லை என்று
ஒருநாள் காரில் சொன்னார் மச்சு சார்.
வருத்தமாகச் சொன்னாரா, தெரியவில்லை.
வண்டி அப்போது ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறியது.

மார்ச்சில் தலைமையகம் ஒரு வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்தது.
மின்னஞ்சல் வந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன்.
ஒன்று: தினமும் எட்டு நிமிடம் வீண்,
அதில் எத்தனை ஆயிரம் கிளிப் செய்யலாம் என்று ஒரு கணக்கு.
இரண்டு: இனி கூட்டங்கள் இங்கிலீஷில்.
மூன்று: மொழிபெயர்ப்பாளர் பணியிடம்
மறுபரிசீலனைக்கு உட்பட்டது.
மறுபரிசீலனை நல்ல சொல்.
அதற்கு இரண்டு மொழியிலும் வலி இல்லை.

முதல் இங்கிலீஷ் கூட்டம்.
ஆறு பேரைக் குறைக்கலாமா என்று திரை கேட்டது.
மச்சு சார் மேசையைப் பார்த்தார்.
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
பேசவில்லை.

ஐந்து வருஷமாக
அவர் பேசியதைவிட
பேசாததைத்தான் அதிகம் மொழிபெயர்த்திருக்கிறேன்.
மூச்சைப் பல்லிடுக்கில் இழுத்தால், கஷ்டம்.
மேசையைப் பார்த்தால், முடியாது.
பேனா மூடி, முடியவே முடியாது.
மௌனம் சம்மதம் என்பது நம் பக்கத்துச் சட்டம்.
அவர் பக்கத்தில் அது
மரியாதையாகச் சாத்திய கதவு.

எனக்கு அங்கே நாற்காலி இருந்தது, வாய் இல்லை.
திரையில் இருந்தவர்கள்
தேங்க் யூ என்று சொல்லிவிட்டு
அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் காரில்
அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்,
ஜப்பானிய மொழியில்:
'கேட்டதா?'
கேட்டது என்றேன்.

பியானோ நின்று பத்து நாள்.
சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால்
பேக்கிங் பெண்கள் கூடுவதாகப் பேச்சு.
சங்கம் வைக்கிறார்களோ என்று ஹெச்ஆர் பயந்து
என்னை அனுப்பியது.
போய்ப் பார்த்தால்
பூலட்சுமி முன்னால் நின்று எண்ணுகிறாள்:
இச்சி, நி, மூடு.
கார்டு தட்டுவதற்கு முன்னால், சொந்த நேரத்தில்.
'ஏன்?' என்றேன்.
'செய்யாவிட்டால் மத்தியானத்துக்குள்
இடுப்பு ஒடிகிறது எரிரராஷி' என்றாள்.
அவ்வளவுதான்.
கலாச்சாரம் என்று எழுத ஹெச்ஆர் படிவத்தில் இடம் இருந்தது.
இடுப்பு வலி என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் மச்சு சாரே வந்துவிட்டார்.
பெண்கள் பாதிக் குனிவில் நின்றார்கள்.
அவர் கைகாட்ட, தொடர்ந்தார்கள்.
ஏழாவது அசைவில் அவர் புருவம் சுருங்கியது.
இரண்டு கையும் பக்கவாட்டில் நேராக விரிய வேண்டும்.
இவர்களுக்கு அது
இடுப்பில் சுழன்று, தோளுக்கு மேல் எழும்பி,
விரல்கள் கடைசியில் திறக்கிறது.
பாதிப் பேர் பீமுனிவாரிபாலெம்காரிகள்.
அப்பன்கள் ஏரியில் வலை வீசிப் பார்த்த கைகள்.

'ஏழாவது தப்பு' என்றார் என்னிடம், மெதுவாக.
பூலட்சுமி கேட்டாள்: 'சார் ஏமண்டுன்னாரு?'
நான் தரையைப் பார்த்தேன்.
என் பேனா மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அவருக்குப் புரியாமல் இருக்குமா?

மறுநாள் கடைசி வரிசையில்
கோட்டைக் கழற்றி சைக்கிள் மேல் போட்டுவிட்டு நின்றார்.
ஏழாவதை அவர் சரியாகத்தான் செய்தார், நேராக.
அவருக்கு முன்னால்
இருபத்துமூன்று பேர்
வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.